டைகரை வரைந்தவரைப் பற்றி நண்பனுக்கு

அருப்புக்கோட்டை
ஞாயிறு காலை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் தாண்டிவிட்டது. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். நாலு வேளை சொட்டு மருந்து, குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று வீடே அதைச் சுற்றி ஓடியது. இப்போது நன்றாக இருக்கிறார். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று அவர் முதலில் கேட்டது, "சுவருக்கு எப்படா வெள்ளையடிச்சே?" என்றுதான். அடித்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த வெள்ளையை அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லாமல் இத்தனை நாள் மங்கலிலேயே நடமாடியிருக்கிறாரே என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

உன் மகள் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்த செய்தியை வீட்டில் எல்லாரிடமும் வாசித்துக் காட்டினேன். எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம். நம் இரண்டு பேருக்கும் வாய்க்காதது அவளுக்கு வாய்த்திருக்கிறது.

ஆனால் கடிதத்தின் நடுவில் நீ எழுதியிருந்த ஒரு வரிதான் மனதை விட்டுப் போகவில்லை. "இருபத்தைந்து வருஷமா காலண்டர் ஆர்டருக்கு அடுத்தவன் கேட்டதையே வரைஞ்சு குடுத்துட்டேன். இப்ப உட்கார்ந்து எனக்காக ஒண்ணு வரையலாம்னா, எது என் கோடுன்னே தெரியல" என்று எழுதியிருந்தாய். இதற்கு உடனே ஏதாவது ஆறுதல் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் பரணை ஒழித்தபோது பதில் கிடைத்தது. தகரப்பெட்டி ஒன்றின் அடியில் முத்து காமிக்ஸ் 'தங்கக் கல்லறை', இரண்டு பாகமும். முதல் பக்கத்தில் உன் கையெழுத்தில் உன் பெயர், வகுப்பு, 'படித்துவிட்டுத் திருப்பித் தரவும்' என்ற வாசகம். நான் திருப்பித் தரவே இல்லை, பார். ஜெர்மன்காரன் ஒருவன் தங்கச் சுரங்கம் இருக்கிறது என்று ஊரை நம்பவைப்பானே, சூப்பர்ஸ்டிஷன் மலைக்குள் தங்கத்தால் செய்த தோட்டாவால் ஆட்களைச் சுடும் ஆவி, நம் கௌபாய் காமிக்ஸ் நாயகன் டைகரும் அந்தக் குடிகாரக் கிழவர் ஜிம்மியும், எல்லாம் ஞாபகம் வருகிறதா? மதிய உணவு நேரத்தில் வேப்பமரத்தடியில் நீ பக்கம் புரட்டுவாய், நான் பாறைகளை மட்டும் நோட்டில் பார்த்து வரைவேன். அந்தப் பாறைகளை வரையக் கற்றுக்கொண்டதால்தான் நான் இன்றைக்கு ஓவிய வாத்தியார்.

அப்போது நமக்கு டைகர் என்ற பெயர் மட்டும்தான் தெரியும். பிரெஞ்சில் அவன் பெயர் ப்ளூபெரி. வரைந்தவர் ழான் ஜிரோ. உலகம் முழுக்க மோபியஸ் என்று கொண்டாடுகிற அந்த மகா கலைஞரும் இதே மனிதர்தான் என்று எனக்குத் தெரிந்தது ரொம்பப் பிந்தி. என் பழைய மாணவன் ஒருவன் பெங்களூரில் அனிமேஷன் வேலையில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தபோது மோபியஸின் புத்தகங்கள் நாலைந்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்து தந்தான். பறவை மேல் பறக்கும் மனிதன், தரையே இல்லாத நகரங்கள், முடியில் பாதி தடிமன்கூட இல்லாத கோடு. புரட்டிக்கொண்டே வந்தவன், ஒரு பாலைவனப் பாறையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அது எனக்குத் தெரிந்த பாறை. நோட்டில் நூறு தடவை வரைந்த பாறை.

அந்த மனிதரின் கதையை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

1938 மே 8-ஆம் தேதி பாரிஸுக்குப் பக்கத்தில் நோஜோன் சூர் மார்ன் என்ற ஊரில் பிறந்தார். மூன்று வயதாகும்போது அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட, தாத்தா பாட்டி வீட்டில்தான் பெரும்பாலும் வளர்ந்தார். தனிமையான பையன். அவனுக்குத் துணை தியேட்டரில் ஓடிய கௌபாய் படங்கள். 16 வயதில் பாரிஸில் டுபெரே கலைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே கிடைத்த நண்பர் ழான் குளோத் மெசியேர், பிற்காலத்தில் 'வலேரியன்' வரைந்தவர். இரண்டு பேருக்கும் கௌபாய்ப் பைத்தியம். நம்மைப் போலவே இரண்டு பேர், ஒரே பெஞ்சு.

படிப்பை முடிக்காமலே 1956-இல் மெக்சிகோவுக்குக் கிளம்பிவிட்டார். அம்மா அங்கே மறுமணம் செய்துகொண்டு போயிருந்தார். எட்டு ஒன்பது மாதம் அங்கேயே இருந்தார். அந்தப் பாலைவனத்தைப் பார்த்ததுதான் தன் உள்ளத்தையே பிளந்து திறந்தது என்ற பொருளில் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். முடிவே இல்லாத நீல வானம், தட்டையான மண், நடுவில் ஒரு பாறை. யோசித்துப் பார், நாம் வேப்பமரத்தடியில் பார்த்த அரிசோனா அவர் கண்ணால் பார்த்த மெக்சிகோதான். பிற்பாடு மோபியஸ் வரைந்த வேற்றுக்கிரகங்களும் அதே மெக்சிகோதான். பதினெட்டு வயதில் கண்ட ஒரு நிலத்தை அந்த மனிதர் சாகும்வரை வரைந்துகொண்டே இருந்திருக்கிறார்.

திரும்பி வந்ததும் சின்னச் சின்ன காமிக்ஸ் வேலைகள், பிறகு ராணுவச் சேவைக்காக ஜெர்மனியும் அல்ஜீரியாவும். அதன்பிறகு ஒரு குருவிடம் சேர்ந்தார். ஜிஜே என்ற பெயரில் வரைந்த பெல்ஜியக்காரர். 'ஜெரி ஸ்பிரிங்' என்ற கௌபாய் தொடருக்கு ஜிஜே பென்சிலில் வரைய, ஜிரோ அதன்மேல் மை போடுவார். அடுத்தவர் பென்சில் மேல் மை போடும் வேலை எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ அச்சகத்தில் சேர்ந்த முதல் இரண்டு வருஷமும் பெரியவர் போட்ட லட்சுமிக்கு நகைக் கோடு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தாயே, அதே வேலை. பிரஷ் எந்த இடத்தில் தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்று கை அங்கேதான் பழகுகிறது.

1963-இல் 'பிலோட்' வாரப் பத்திரிகைக்காகக் கதாசிரியர் ழான் மிஷேல் ஷார்லியே ஒரு கௌபாய் தொடர் எழுத நினைத்தார். முதலில் ஜிஜேயைத்தான் கேட்டார். ஜிஜேக்கு நேரமில்லை, சிஷ்யனைக் கைகாட்டினார். அந்த வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி டைகரின் முதல் கதை 'ஃபோர்ட் நவாஹோ' தொடங்கியது. டைகருக்கு முதலில் கொடுத்தது நடிகர் ழான் பால் பெல்மொந்தோவின் முகம். உடைந்த மூக்கு அங்கிருந்து வந்ததுதான். ஆரம்பப் பக்கங்களைப் பார்த்தால் அது ஜிஜேயா ஜிரோவா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. நடுவில் ஒருமுறை ஜிரோ பாதி வேலையை விட்டுவிட்டு அமெரிக்கா, மெக்சிகோ என்று போய்விட, சில பக்கங்களைக் குருவே உட்கார்ந்து வரைந்து ஈடுகட்டினார். அந்தப் பக்கங்கள் தொடரில் துருத்திக்கொண்டு தெரியாது. அவ்வளவு தூரம் குருவின் கையாகவே இருந்திருக்கிறது அந்தக் கை.

அதாவது 25 வயதில் அவரிடம் இருந்தது இரவல் கோடு. எழுதியவர் ஷார்லியே, பாணி ஜிஜே, முகம் பெல்மொந்தோ. தன்னுடையது என்று சொல்ல அந்த வானமும் பாறையும்தான். ஆனால் வாராவாரம் பக்கம் கொடுத்தாக வேண்டும். கொடுத்துக்கொண்டே இருந்ததில் மெல்ல மெல்லக் கோடு மாறியது. டைகரின் முகத்திலிருந்து பெல்மொந்தோ கரைந்துபோய், தாடியும் தூசியும் வியர்வையுமாக வேறு ஒருவன் வந்தான். 'தங்கக் கல்லறை'யின் மூலம் 1972-இல் புத்தகங்களாக வந்தது. அங்கே வரும்போது ஜிஜே எங்கும் தெரியவில்லை. பத்து வருஷக் கூலி வேலையில், யாரும் பார்க்காதபோது, அது நடந்திருக்கிறது. அவர் எந்த நாளில் ஜிரோ ஆனார் என்று அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதற்கிடையில் மோபியஸ். ஜெர்மானியக் கணிதர் மோபியஸ் பெயரில் ஒரு வளையம் உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் செய்து காட்டுவேன். நீளமாக ஒரு காகிதத் துண்டு, ஒரு முனையை அரைச் சுற்று முறுக்கி மறுமுனையோடு ஒட்டு. இப்போது பென்சிலை வைத்து எடுக்காமல் கோடு இழுத்துக்கொண்டே போனால், இரண்டு பக்கமும் கோடு விழுந்து புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். 1963-இல் 'ஹராகிரி' என்ற நையாண்டிப் பத்திரிகையில் சில பக்கங்கள் வரைந்தபோதே அந்தப் பெயரை வைத்துக்கொண்டார். அப்புறம் சுமார் பத்து வருஷம் அந்தப் பெயர் தூங்கியது.

எழுப்பியது 1973-இல் 'பிலோட்'டில் வந்த ஏழே பக்கக் கதை, 'லா தெவியாசியோன்'. மாற்றுப்பாதை என்று அர்த்தம். மனைவி மகளோடு காரில் விடுமுறைக்குக் கிளம்பும் ஓவியர், வழி மாறி வேறொரு உலகத்துக்குள் போய்விடுகிறார். ஓவியர் அவரேதான். கையெழுத்து இன்னும் டைகருக்குப் போடும் 'ஜிர்'தான், ஆனால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் பேனா எடுத்திருந்தார். புள்ளியும் குறுக்குக் கோடுமாகப் பக்கம் முழுக்க நெய்து வைத்திருக்கிறார். நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இதே மனிதர் அதே மாதங்களில் டைகருக்கு மை போட்டுக்கொண்டிருந்தார் என்பதை நம்ப முடியவில்லை. டைகருக்குப் பிரஷ், மோபியஸுக்குப் பேனா என்ற வழக்கம் பெரும்பாலும் கடைசிவரை தொடர்ந்தது.

1974 டிசம்பரில் பிலிப் துருயே, ழான் பியேர் தியோனே, பெர்னார் ஃபார்க்காஸ் மூவரோடு சேர்ந்து சொந்தப் பதிப்பகம் தொடங்கினார். 1975 ஜனவரியில் அவர்களுடைய பத்திரிகை 'மெத்தால் யுர்லான்' வந்தது. அலறும் உலோகம்! அதில்தான் 'அர்ஸாக்'. ஒரு வார்த்தை கிடையாது, பலூன் கிடையாது. கூம்புத் தொப்பி வைத்த ஒருவன் பழங்காலப் பறக்கும் பிராணி மேல் ஏறிப் போகிறான், அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டத்தையும் தனி ஓவியம் போல வண்ணம் தீட்டியிருக்கிறார். கதை என்றால் வீடு மாதிரி, நுழைய வாசலும் பார்க்க ஜன்னலும் இருந்தே ஆக வேண்டுமா, யானை வடிவிலும் கோதுமை வயல் வடிவிலும் தீக்குச்சிச் சுடர் வடிவிலும் கதை இருக்கலாமே என்று அந்த நாட்களில் எழுதினார். 'ஹெர்மெட்டிக் கராஜ்' தொடரை அப்படியே செய்தும் காட்டினார். விளையாட்டாக இரண்டு பக்கம் தொடங்கியது, முன்யோசனை இல்லாமல் மாதாமாதம் தோன்றியதை வரைந்தே 1979 வரை போனது. எனக்கு அதில் பாதி புரியவில்லை. ஆனால் படிக்கும்போது, பள்ளி விட்டதும் வழி தெரியாத தெருவில் வேண்டுமென்றே திரும்பி நடப்போமே, அந்தச் சந்தோஷம் வருகிறது.

சினிமா விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், இணையத்தில் எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள். இயக்குநர் ஹொடரோவ்ஸ்கி எடுக்க நினைத்து நின்றுபோன 'டியூன்' படத்துக்காக மூட்டை மூட்டையாக வரைந்தார். 'ஏலியன்' படத்துக்குச் சில நாள்களே வேலை செய்தார், விண்வெளி உடைகள் அவர் வரைந்தவை. 'ட்ரான்', 'ஃபிஃப்த் எலிமென்ட்' படங்களிலும் அவர் பங்கு உண்டு, இரண்டாவதில் பழைய பெஞ்சு நண்பர் மெசியேரும் கூட. 1976-இல் டான் ஓ'பேனன் எழுத அவர் வரைந்த 'தி லாங் டுமாரோ' என்ற சின்னக் கதை 'பிளேட் ரன்னர்' படத்தின் நகரத்துக்குத் தூண்டுதல்களில் ஒன்று. ஜப்பானில் அனிமேஷன் இயக்குநர் மியாசாகி 'அர்ஸாக்'கைப் பார்த்து உந்துதல் பெற்று 'நௌசிகா' படத்தை உண்டாக்கினார். இவரோ அந்தப் படத்து நாயகி நௌசிகாவின் பெயரைத் தன் மகளுக்கு வைத்தார். இந்த ஒன்று மட்டும் எனக்கு எல்லாப் படங்களையும்விடப் பெரிதாகப் படுகிறது.

நின்றுபோன 'டியூன்' வீணாகவில்லை. அதே ஹொடரோவ்ஸ்கியோடு சேர்ந்து 1980-லிருந்து 1988 வரை 'இன்கால்' ஆறு புத்தகங்கள் வரைந்தார். ஓவியத்துக்காக அதை எத்தனை முறையும் புரட்டுவேன். கதை எனக்கு ஒட்டவில்லை, பேச்சு அதிகம்.

இப்போது உனக்காகவே நான் எடுத்துவைத்த விஷயத்துக்கு வருகிறேன். 1983-இல் சித்ரோயன் கார் நிறுவனம் விளம்பரத்துக்காக ஒரு காமிக்ஸ் வரைந்து தரச் சொன்னது. நம் பாஷையில் சொன்னால் காலண்டர் ஆர்டர்! அதற்குள் அவருக்குப் பிரான்சின் அங்குலேம் காமிக்ஸ் விழாவின் பெரும் பரிசு 1981-இலேயே கிடைத்துவிட்டது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டார். ஸ்டெல், அடான் என்ற இரண்டு விண்வெளி மெக்கானிக்குகள் ஆளில்லாத ஒரு கிரகத்தில் பழைய சித்ரோயன் காரில் போகிறார்கள், வெட்டவெளியில் ஒரு நீல பிரமிடு நிற்கிறது. கார்க்காரருக்குக் கார் கிடைத்தது. இவருக்கோ அந்த இரண்டு பேரையும் விட மனமில்லை. அங்கிருந்து 'எடேனா' என்று புத்தகம் புத்தகமாக வளர்ந்து, அவருடைய சொந்த மனதிலிருந்து வந்த பெரிய படைப்புகளில் ஒன்றாகிவிட்டது. அந்தக் காலத்தில் அவர் ஒரு ஆன்மிக குருவைப் பின்பற்றி டஹிட்டித் தீவில் போய் இருந்தார், பச்சைக் காய்கறி சாப்பிட்டார், கோட்டையும் ஒரே தடிமனில் சுத்தமாக்கிக்கொண்டார். எனக்குப் பிடித்த அந்தத் தூசியும் அழுக்கும் அதில் இல்லை என்று குறைபட்டாலும், அந்தப் பக்கங்களில் இருக்கும் அமைதி பெரியது.

நீ போன வருஷம் அனுப்பிய காலண்டரில் மீனாட்சிக்குப் பின்னால் ஒரு தெப்பக்குளம் வரைந்திருந்தாயே, நடுமண்டபத்துப் படியில் ஒரு கிழவி உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருப்பாள். அதை எந்த வியாபாரியும் உன்னிடம் கேட்டிருக்க மாட்டான். அந்தக் கிழவி உன் கோடுதானேடா? நான் அந்தத் தாளைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. இத்தனை பெயர் வந்த பிறகும் ஜிரோ டைகரை விடவில்லை. ராயல்டி தகராறில் சில வருஷம் நின்ற தொடருக்கு 1979 வாக்கில் திரும்பி வந்தார். ஒரு கையில் 'இன்கால்', மறுகையில் டைகர். 1989-இல் ஷார்லியே இறந்தபோது பாதியில் நின்ற கதையைத் தானே முடித்தார். பிறகு 1995-லிருந்து 2005 வரை தானே எழுதித் தானே வரைந்து ஐந்து புத்தகங்கள். இவற்றில் டைகர் கிழடு தட்டிப்போய், பாதிக்கதை கட்டிலில் காயத்தோடு கிடக்கிறான். உனக்குக் கட்டாயம் பிடிக்கும். 2007-இல் நம் 'இரத்தப் படல'த்தின் மூலமான 'XIII' என்ற காமிக்ஸ் தொடரிலும் ஒரு பாகம் அவர் வரைந்தார், 69 வயதில், வான் ஹாம் எழுதிய கதைக்கு. அதுவும் ஆர்டர் வேலைதான்.

கடைசிக்கால நோட்டுகள் ஆறு பாகமாக 2004-க்கும் 2010-க்கும் இடையே வந்தன, 'இன்சைடு மோபியஸ்' என்று. கஞ்சாப் பழக்கத்தை விட முடிவெடுத்தபோது தொடங்கியது. கிழவர் ஜிரோ ஒரு வெட்டவெளிப் பாலைவனத்தில் நடக்கிறார். அதே மெக்சிகோ. அங்கே டைகர் வருகிறான், அர்ஸாக் வருகிறான். எல்லாருக்கும் அவரிடம் ஏதோ கேட்க இருக்கிறது. இளவயது ஜிரோவும் வந்து கிழவரோடு வாதாடுகிறார். அவசர அவசரமாக இழுத்த கோடுகள், அழகுபடுத்தவே இல்லை. இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. இருபது வயது நான் வந்து எதிரே உட்கார்ந்தால் என்ன கேட்பான் என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

2012 மார்ச் 10-ஆம் தேதி, புற்றுநோயோடு நெடுநாள் போராடி, 73 வயதில் இறந்தார். மோன்பர்னாஸ் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். 2015-இல் தமிழில் டைகரின் 'மின்னும் மரணம்' வண்ணத் தொகுப்பு கனத்த அட்டையோடு வந்தபோது நான் வாங்கினேன். அப்போதுகூட அட்டையில் இருந்த டைகரைத்தான் பார்த்தேன், வரைந்தவர் மூன்று வருஷம் முன்பே போய்விட்டார் என்பது எனக்கு உறைக்கவில்லை. இப்போது நினைத்தால் துக்கமாக இருக்கிறது.

'தங்கக் கல்லறை' இரண்டு பாகமும் நாளை தபாலில் வருகிறது, முப்பது வருஷம் கழித்து உரியவனிடம். மலைப்பாறையில் கட்டிய அந்தப் பழைய செவ்விந்தியர் ஊர் வரும் பக்கங்களில் பென்சில் கோடு இருக்கும், நான்தான் கட்டம் போட்டு நகலெடுத்தேன். அழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன். அடுத்த கடிதம் எழுதும்போது தாளின் பின்பக்கம் அந்தக் கிழவியை மட்டும் தனியாக வரைந்து அனுப்பு. மீனாட்சி வேண்டாம், தெப்பக்குளம்கூட வேண்டாம்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். மகள் லீவுக்கு வரும்போது இங்கே ஒரு நாள் அழைத்து வா, அம்மாவுக்கு அவளைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்

பின்குறிப்பு: இரண்டாம் பாகத்தில் கடைசித் தாள் கிழிந்து போயிருக்கிறது. பெட்டியைக் கவிழ்த்துத் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. கதை முடியும் இடம் உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.